உத்தரவில்லாத தடை: கொங்கு நாட்டுப் பள்ளி நூலகங்களும் நம் புத்தகங்களும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1917இல் லண்டனிலிருந்து ஊர் திரும்பியபோது தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தகப் பெட்டிகள் போர்க்காலத் தாக்குதலில் கடலுக்குள் போனதைப் பார்த்தவர் அவர். பிறகு பம்பாய் தாதரில் வீடு கட்டியபோது மனிதர் குடியிருக்க இடம் வைத்ததுபோலப் புத்தகங்கள் குடியிருக்கவும் இடம் வைத்துக் கட்டினார். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வீட்டு நூலகத்தை அல்ல. அந்தியூரிலோ அன்னூரிலோ தாராபுரத்திலோ ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் அறையின் மூலையில் பூட்டிக் கிடக்கும் இரும்பு பீரோவைப் பற்றியே பேசப்போகிறோம்.

அதற்குள் என்ன இருக்கிறது என்பது இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் தெரியும். மேல்தட்டில் கலைக்களஞ்சியம், இரண்டு மூன்று தொகுதிகள் குறைந்து. அடுத்ததில் திருக்குறள் உரைகள் ஏழெட்டு, தலைவர்கள் வரலாறு, நீதிக் கதைகள், பொது அறிவு வினாவிடை. அம்பேத்கர் கட்டாயம் இருப்பார். மெலிந்த புத்தகம் ஒன்றில், கோட்டும் கண்ணாடியும் போட்டு, வறுமையிலும் விடாமல் படித்து முன்னுக்கு வந்த பையனாக இருப்பார். மகாடு குளம் அரைப் பக்கம். சாதி ஒழிப்பைப் பற்றி அவர் எழுதியது ஒரு வரி. பாமா இருக்க மாட்டார். பூமணி, சிவகாமி, இமையம், ராஜ் கௌதமன் இருக்க மாட்டார்கள். இந்த மண்ணின் அருந்ததியர் வாழ்க்கையிலிருந்து எழுதிய மதிவண்ணன் இருக்க மாட்டார். ஊர்க்காரராகவும் உலகம் முழுக்க வாசிக்கப்படுபவராகவும் இருக்கிற பெருமாள்முருகனும் இருக்க மாட்டார். இப்படி இல்லாத பள்ளிகளும் உண்டு. ஆனால் அவற்றை நாம் பள்ளியின் பெயரால் சொல்வதில்லை, அங்கே வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் பெயரால் சொல்கிறோம். அந்த டீச்சருக்கு மாறுதல் வந்தால் அந்த நூலகமும் மாறிப்போகும்.

சரி, இந்தப் புத்தகங்களை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது யார்? அப்படி ஒரு காகிதத்தைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவோம். சுற்றறிக்கை இல்லை, அரசாணை இல்லை, தடைப் பட்டியல் இல்லை. உத்தரவு இருந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், ஊர்வலம் போகலாம், பத்திரிகையில் எழுதலாம். உத்தரவே இல்லாத தடையை எங்கே போய் எதிர்ப்பது? இந்தத் தடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரும் பகுதி நம் கொங்கு மண்ணிலேயே நடந்தது.

*

சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் வந்தது. எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் முயன்று பெற்ற சட்டம் அது. அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம், திருப்பூரில் பிறந்தவர், கோவையில் 1930இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்த தமிழ் வளர்ச்சிக் கழகமும் அவர் முயற்சிதான். அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஆக, தமிழ்நாட்டின் பொது நூலகங்களுக்கும் பள்ளி பீரோவின் மேல்தட்டுக்கும் கொங்கு நாட்டின் பங்களிப்பு பெரியது. அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு எந்த அவசியமும் இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் பொது நூலகங்களுக்கானது. வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. பள்ளி நூலகத்துக்கு அதில் பங்கு இல்லை, பயிற்சி பெற்ற நூலகரும் இல்லை. தமிழாசிரியருக்கோ, வரலாற்று ஆசிரியருக்கோ, சில இடங்களில் உடற்கல்வி ஆசிரியருக்கோ ‘நூலகப் பொறுப்பு’ என்று ஒரு சாவி கொடுக்கப்படும். தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும், கைக்காசு போட வேண்டியும் வரலாம். அப்புறம் பூட்டாமல் என்ன செய்வார்? புத்தகம் பயன்படுவதற்கே என்பது ரங்கநாதன் 1931இல் சொன்ன முதல் விதி. நம் பள்ளிகளில் புத்தகம் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போவதற்கே இருக்கிறது. ஆகவே முதல் தடை சாதி வெறியால் வந்ததல்ல, சாவியால் வந்தது. சாதி அந்தச் சாவியைப் பிறகு தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது.

உத்தரவில்லாமல் ஒரு புத்தகத்தை எவ்வளவு காலம் மறைத்துவைக்க முடியும் என்பதற்கு அயோத்திதாசப் பண்டிதரே சான்று. 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய இதழ், ‘தமிழன்’ என்ற பெயரில் வாரந்தோறும் வந்தது. 1914இல் அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் திரட்டிப் பாளையங்கோட்டையிலிருந்து பெரிய தொகுதிகளாக வெளியிட்டது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். எந்த அரசும் அவரைத் தடை செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் அவர் எழுத்தைப் பறிமுதல் செய்யவில்லை. நூலகத்தில் வாங்கி வைக்கவில்லை, பாடத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் தாத்தாக்கள் இரண்டு தலைமுறை அவர் பெயரே தெரியாமல் பள்ளிக்கூடம் போனார்கள்.

*

இப்போது திருச்செங்கோட்டுக்கு வருவோம். ‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நான்கு ஆண்டுகள் அது விற்றது, வாசிக்கப்பட்டது, யாரும் கொந்தளிக்கவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2014 டிசம்பரில், சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் வினியோகித்தார்கள். முழு நாவலைப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்பதே வீண். நூலை எரித்தார்கள். 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடத்தினார். எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த நாட்களில்தான் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அறிவிப்பு வந்தது.

குழந்தையில்லாத பெண் தேர்த் திருவிழாவின் ஓரிரவில் முன்பின் அறியாத ஒருவனோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்ற வழக்கம் பற்றிய கதை அது. கோபம் பெண்ணின் ஒழுக்கத்துக்காக வந்தது என்று சொன்னார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த இருட்டில் வருகிறவன் எந்தச் சாதி என்று தெரியாது என்பதுதான் அங்கே தாங்க முடியாமல் போனது. அதே மலைக்கோயிலுக்கு 2015 ஜூன் 23 அன்று ஒரு பெண் தோழியைச் சந்திக்க வந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. ஜனவரியில் கையெழுத்து வாங்கி நிலைநாட்டிய அமைதி ஜூன் மாதம் எப்படி இருந்தது என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டாம். அந்தக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை வர 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். ஜனவரி 12 கூட்டத்தை நாட்டின் ஆங்கிலப் பத்திரிகைகள் வியப்போடு எழுதின: ஒரு நாவலாசிரியரை அதிகாரி கூப்பிட்டு, எதிரே கூட்டத்தை உட்காரவைத்து, கையெழுத்து வாங்குவதா என்று. நமக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. அமைதிப் பேச்சுவார்த்தை என்ற அந்த அறையை நாம் பல தலைமுறையாக அறிவோம். இரட்டைக் குவளைக்கு எதிராகப் புகார் கொடுத்தால் அந்த அறை. கோயிலுக்குள் போனால் அந்த அறை. சுடுகாட்டுப் பாதை கேட்டால் அந்த அறை. அங்கே சட்டம் பேசப்படுவதில்லை, ஊர் அமைதி பேசப்படும். அடித்தவனும் அடிபட்டவனும் ‘இரு தரப்பு’ ஆவார்கள். கடைசியில் அடிபட்டவன்தான் இனிமேல் பிரச்சினை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவான். அந்த அறைக்குள் முதன்முதலாக ஒரு கவுண்டர் வீட்டில் பிறந்த பேராசிரியர் கூட்டிப் போகப்பட்டபோதுதான் நாட்டுக்கு அப்படி ஓர் அறை இருப்பது தெரிந்தது. அவர் நமக்கு நண்பர். ‘கூளமாதாரி’யில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவர்களை எழுதியவர். மாணவர்களிடம் சாதி அனுபவங்களை எழுதி வாங்கி ‘சாதியும் நானும்’ என்று தொகுத்தவர். ஆகவே இது குறையாகச் சொன்னதல்ல, நிலைமையைச் சொன்னது. புதுக்கோட்டைப் பக்கம் ‘ஊரார் வரைந்த ஓவியம்’ எழுதிய தலித் எழுத்தாளர் துரை குணாவும் குடும்பமும் ஊர்விலக்கத்தைச் சந்தித்தபோது இவ்வளவு சத்தம் எழவில்லை. 2015 பிப்ரவரியில் கரூரில் புலியூர் முருகேசன் வீடு புகுந்து தாக்கப்பட்டதும் இரண்டு நாள் செய்தியாகவே முடிந்தது.

2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கும் அதில் ஒன்று. எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்று முடியும் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்கு முக்கியம் வேறொரு பகுதி. நாமக்கல்லில் எழுதி வாங்கிய உடன்பாட்டுக்குச் சட்டப்படி எந்த வலுவும் இல்லை, அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு கோட்டாட்சியர் அலுவலகச் சுவரிலும் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய வாக்கியம் இது. நம் இயக்கங்கள் அதைப் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது நம் கருத்து.

*

தீர்ப்பு எழுத்தாளரை விடுவித்தது. பள்ளி பீரோவை அது எட்டவில்லை. பீரோவுக்குத் தீர்ப்பு தேவைப்படும்படி எதுவும் அங்கே நடக்கவே இல்லை என்பதுதான் காரணம். எங்களில் பலர் இந்த மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள். அங்கே எதிர்ப்பு எப்படி வரும் என்பதை அவர்கள் அறிவார்கள். நோட்டீஸ் அடித்து வராது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவரோ, ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டவரோ, மிக மரியாதையாக வந்து உட்கார்ந்து, “ஏனுங் சார், பசங்களுக்கு இந்தப் பொஸ்தகமெல்லாம் எதுக்குங்க? படிப்பு கெட்டுப்போகுமில்லீங்” என்பார். அவ்வளவுதான். தலைமையாசிரியர் தலையாட்டுவார். மறுநாள் அந்தப் புத்தகம் கீழ்த்தட்டில் பின்வரிசைக்குப் போகும். பதிவேட்டில் இருக்கும், பிள்ளை கையில் இருக்காது. அடுத்த ஆண்டு நூலக நிதியில் புத்தகம் வாங்கும்போது, அந்த ஆசிரியர் யாரும் சொல்லாமலே அந்த வகைப் புத்தகத்தைத் தவிர்ப்பார். ‘எதுக்குங்க வம்பு’ என்ற மூன்றாவது கட்டம் இது. இதற்குப் பிறகு எதிர்க்க ஆளே வர வேண்டியதில்லை.

இது நம் ஊர் ஆசிரியரின் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவில் பள்ளி, பொது நூலகர்களிடம் மார்ஜோரி ஃபிஸ்க் நடத்திய ஆய்வு 1959இல் வெளிவந்தது. புத்தகத் தேர்வில் பங்கு வகித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், சர்ச்சை வரும் என்பதற்காகவே ஒரு புத்தகத்தை வாங்காமல் விட்ட சந்தர்ப்பம் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல சம்பளமும் சங்கமும் இருந்தவர்கள் அவர்கள். லெஸ்டர் ஆஷைம் என்பவர் 1953லேயே ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: தேர்வு செய்கிறவர் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுவார், தணிக்கை செய்கிறவர் அதைத் தள்ளக் காரணம் தேடுவார். எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் அல்ல என்பது நமக்கும் தெரியும். ஆறாம் வகுப்புக்கு ‘மாதொருபாகன்’ கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் ‘கருக்கு’ ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறோம். 1992இல் அது வந்தபோது பாமாவால் சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களுக்குள் அது போய்விட்டது. நம் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குள் போவதுதான் இன்னும் பெரும்பாடாக இருக்கிறது.

புத்தகத்தின் பெயரால் வரும் எதிர்ப்பு பெரும்பாலும் புத்தகத்தைப் பற்றியதல்ல. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பார்ட்ல்ஸ்வில் என்ற ஊரில் ரூத் பிரவுன் என்ற நூலகர் 30 ஆண்டுகள் பணியில் இருந்தார். 1950இல் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். நூலகத்தில் இடதுசாரிப் பத்திரிகைகள் வைத்திருந்தார் என்பது சொன்ன காரணம். சில மாதங்களுக்கு முன் அவர் கறுப்பின ஆசிரியைகள் இருவரோடு வெள்ளையர் சாப்பிடும் கடையில் போய் உட்கார்ந்தார் என்பது சொல்லாத காரணம். இரட்டைக் குவளை ஊரில் வாழ்கிற நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மேலிடத்திலும் இதே முறைதான். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2020இல் ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பிறகு அருந்ததி ராயின் நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் மகாசுவேதா தேவியின் கதையோடு பாமாவின், சுகிர்தராணியின் படைப்புகளையும் ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியது. சுகிர்தராணி ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவரின் கவிதைக்குத் தலைநகரத்து வகுப்பறையில் இடமில்லை என்றாயிற்று.

2011இல் நடந்ததை இளைய தோழர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஆட்சி மாறியது. சமச்சீர்க் கல்விப் பாடநூல்களை நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றையே நடைமுறைப்படுத்தச் சொன்னது. புத்தகங்கள் பள்ளிக்கு வந்தபோது முந்தைய முதலமைச்சரின் கவிதையும் பெயரும் இருந்த பக்கங்களில் ஒட்டுத்தாள் ஒட்டும் வேலையும் மை பூசும் வேலையும் ஆசிரியர்கள் தலையில் விழுந்தன. பசையும் தாளும் வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் பக்கங்களை மறைத்தார்கள். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காத பிள்ளை ஒன்று இருந்திருக்குமா? அந்தக் கட்சிச் சண்டையில் நமக்குப் பங்கில்லை. ஆனால் மேலிருந்து யாரோ விரும்பாததை மறைப்பது ஆசிரியர் பணியின் ஒரு பகுதி என்ற பழக்கம் அன்று கை வழியாக உடம்புக்குள் போனது. பழகிய கைக்கு ஒட்டுத்தாள் பிறகு தேவைப்படாது.

*

நம்மை நோக்கி ஒரு கேள்வி வரும், வர வேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை எரித்தது யார்? 2012 மே மாதம் பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த அம்பேத்கர் கேலிச்சித்திரத்தை நீக்கச் சொன்னது யார்? நீங்கள் செய்தால் போராட்டம், அவர்கள் செய்தால் தடையா?

மகாடில் எரிந்தது, படிக்கக் கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் தங்களை விலக்கிய சட்டத்தை எரித்த நெருப்பு. யார் வீட்டிலிருந்தும் எந்த நூலகத்திலிருந்தும் அந்த நூலை அகற்றச் சொல்லி அண்ணல் கேட்கவில்லை. மனுவை அவர் கடைசிவரை படித்தார், சுலோகம் சுலோகமாக எடுத்துவைத்து வாதாடினார். மனுவை விரும்பாதவர்தான் மனுவை முழுமையாகப் படிக்க வேண்டும் என்பதை அவர் எழுத்தே காட்டுகிறது. பள்ளி நூலகத்தில் மனுஸ்மிருதி இருந்தால் நமக்கு ஆட்சேபம் இல்லை. பக்கத்தில் அண்ணலின் தொகுதிகளும் இருக்க வேண்டும்.

கேலிச்சித்திர விஷயம் அவ்வளவு எளிதல்ல. நம்மிடையே இன்றும் இரண்டு கருத்து உண்டு. சங்கர் 1949இல் வரைந்த அந்தப் படத்தில் நத்தைமேல் அமர்ந்திருப்பவர் அண்ணல், பின்னால் சாட்டையோடு நேரு. வகுப்பில் ஒரே ஒரு தலித் மாணவன் இருக்க, மற்றவர்கள் சிரிக்க, அந்தப் பக்கத்தைப் படிக்கிற காட்சியை நினைத்துத்தான் நம் தலைவர்கள் நாடாளுமன்றத்தில் எழுந்தார்கள். அந்த வலி பொய்யல்ல. பாடநூல் கட்டாயம்; அந்தப் பையனால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. நூலகப் புத்தகம் அப்படியல்ல. வேண்டியவன் எடுப்பான், வேண்டாதவன் வைப்பான். பாடநூலில் ஒரு பக்கம் இருக்கலாமா என்று வாதாடும் உரிமையை, நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கலாமா என்று முடிவெடுக்கும் உரிமையாக மாற்ற நாம் யாருக்கும் இடம் தரக் கூடாது. அந்தக் கதவு திறந்தபின் என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம்: அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கேலிச்சித்திரத்துக்கு எதிர்ப்பு வந்தது. சித்திரத்தை ஆதரித்த பேராசிரியரின் புனே அலுவலகமும் சூறையாடப்பட்டது. அதை எந்த வலியாலும் நியாயப்படுத்த முடியாது.

நாம் வென்ற வழக்குகளும் உண்டு. 1987இல் மகாராஷ்டிர அரசு அண்ணலின் தொகுதி நூல்களில் நான்காவதாக ‘இந்து மதத்தின் புதிர்கள்’ நூலை வெளியிட்டது. ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பிற்சேர்க்கையை எடுக்க வேண்டும் என்று சிவசேனை கிளர்ந்தது. அரசு தடுமாறியது. 1988 தொடக்கத்தில் பம்பாய் வீதிகளில் நம் மக்கள் பெருந்திரளாக இறங்கினார்கள். முடிவில் பிற்சேர்க்கை இருந்தது, அதன் கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடு இல்லை என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் சேர்ந்தது. அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளட்டும், புத்தகம் இருக்கட்டும். பள்ளி நூலகத்துக்கும் இது நல்ல ஏற்பாடு.

இன்னொன்று நேராக நம் ஈரோட்டோடு தொடர்புடையது. பெரியாரின் இராமாயண நூலை லலாய் சிங் யாதவ் இந்தியில் வெளியிட்டார். 1969இல் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் அந்த உத்தரவை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 1976இல் அதை உறுதி செய்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: எதனால் பறிமுதல் செய்கிறோம் என்ற அடிப்படையை அரசு தன் உத்தரவில் எழுதவில்லை. எழுத்தில் காரணம் சொல்லாமல் ஒரு மாநில அரசாலேயே ஒரு புத்தகத்தைப் பறிக்க முடியாது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. மாநில அரசுக்கே இல்லாத அதிகாரம் பந்தல் போட்டவருக்கு எப்படி வந்தது?

ஆகவே நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியத் தோழர்களிடம் நாம் வீரத்தைக் கேட்கவில்லை. மாறுதல் பயமும் பிள்ளைகளின் படிப்பும் அவர்களுக்கும் உண்டு. பணிவாக ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: “எழுதிக் குடுத்துருங்க, மேலே அனுப்பிடறேனுங்க.” வாயால் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் எழுதித் தரமாட்டார்கள். எழுதித் தந்தால் அதற்கு ஒரு கோப்பு எண் வரும், பதில் வரும், மேல்முறையீடு வரும். 1976இல் நியூயார்க் அருகே ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி நிர்வாகம் ஒன்பது புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்தபோது வழக்குப் போட்டவர்கள் மாணவர்கள்தான். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்கள். எடுத்ததற்கு ஆவணம் இருந்ததால் வழக்கு இருந்தது.

மாணவத் தோழர்களுக்கும் பெற்றோருக்கும் வேறு வழிகள் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சாரப்படி இடம், பாதிப் பேர் பெண்கள். நம் அம்மாக்கள் அங்கே கழிவறையையும் குடிநீரையும் கேட்கிறார்கள். அவை உயிர்ப் பிரச்சினைகள், கேட்கத்தான் வேண்டும். அதே கூட்டத்தில் பீரோவைத் திறந்து காட்டச் சொல்லலாம். அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அது நல்ல காரியம். ‘பற’ முடித்த பிள்ளை அடுத்து எதை எடுக்கும் என்று கேட்கலாம்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். நூலக இருப்புப் பதிவேட்டின் நகலும் கடந்த ஆண்டின் வழங்கல் பதிவேட்டின் நகலும் கேளுங்கள். எந்தப் புத்தகத்துக்காவது புகார் வந்திருந்தால் அந்தப் புகாரையும் அதற்குக் கொடுத்த பதிலையும், எந்தப் புத்தகமாவது அகற்றப்பட்டிருந்தால் அகற்றச் சொன்ன உத்தரவையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவேட்டில் இருக்கும் புத்தகத்துக்கு ‘அப்படிப்பட்ட உத்தரவு ஏதும் இல்லை’ என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தை நகலெடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போங்கள்.